ஒரு பாட்டுக் குழுவுக்கு விடை

கலைஞர் மேடையை விட்டு இறங்குவது உலகில் நாள்தோறும் நிகழ்வது. கூத்து முடிந்தால் திரை விழும். கச்சேரி முடிந்தால் மங்களம் பாடப்படும். கேட்டவர்கள் எழுந்து வீடு திரும்புவர். ஆனால், ஒரு பாட்டுக் குழுவுக்கு விடைகொடுப்பதற்காக ஒரு நாட்டு மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒரே இரவில் செவி சாய்த்து அமர்ந்திருந்தனர் என்றால், அதனை வெறும் கேளிக்கைச் செய்தி என்று தள்ளிவிட இயலாது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், சனிக்கிழமை இரவு, கனடா நாட்டில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. அந்நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 'தி டிராஜிக்கலி ஹிப்' என்னும் ராக் இசைக் குழு தன் இறுதிக் கச்சேரியை நடத்தியது. அஃது ஏன் நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்தது என்ன என்பவற்றை முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராக் இசை 1950-களில் அமெரிக்காவில் உருவெடுத்தது. அங்குள்ள கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், வெள்ளையரின் கிராமிய இசையும் கலந்து பிறந்த குழந்தை அது. மின்சாரக் கிதார்கள், பேஸ் கிதார், டிரம், இவற்றோடு ஒரு பாடகர் என்பதே அதன் பொதுவான அமைப்பு. நம் நாட்டுக் கச்சேரியில் பாடகரே தலைவர். பக்கவாத்தியம் வாசிப்பவர்கள் மேடைக்கு மேடை மாறலாம். ராக் குழுவின் இயல்பு வேறு. நால்வரோ ஐவரோ ஒரு பெயரின்கீழ் ஒன்றுகூடி, பாட்டைத் தாமே இயற்றி, தாமே மெட்டமைத்து, தாமே வாசிக்கின்றனர். ஆகவே அது கூட்டுக் குடும்பம் போன்றது. கூட்டுக் குடும்பத்துக்குரிய பூசல்களும் அதில் உண்டு. பாகப் பிரிவினையும் உண்டு.

இத்தகைய குழுக்கள் விடைபெறும் முறை பலவகைப்பட்டது. உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஆகஸ்டு 29-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் தம் கடைசிக் கட்டணக் கச்சேரியை நடத்தினர். அதுவே கடைசி என்று கேட்க வந்தவர்களுக்கு எவரும் அறிவிக்கவில்லை. 'தி பேண்ட்' என்னும் குழுவினரோ 1976 நவம்பர் 25-ஆம் நாள் அதே நகரில், வந்தவர்களுக்கு விருந்து படைத்துவிட்டு, தம் நண்பர்களான பாடகர் பலரையும் மேடையேற்றி விடைபெற்றனர். 'தி ஹூ' என்னும் ஆங்கிலேயக் குழு 1982-இல் விடைப் பயணம் என்று அறிவித்து ஊர் ஊராகச் சென்றது. 1989-இல் மீண்டும் பயணம் புறப்பட்டது. விடைபெறுவதே ஒரு வாணிக முறையாக ஆகிவிட்ட நிலையை இதனால் அறியலாம். இப்பின்னணியில் நோக்கினால்தான் கிங்ஸ்டன் நகரில் நிகழ்ந்ததன் தனித்தன்மை விளங்கும். அங்கே குழுவினர் 'விடை' என்ற சொல்லைத் தம் அறிவிப்பில் பயன்படுத்தவே இல்லை. ஆயினும் அது விடை என்பதை நாடு முழுவதும் அறிந்திருந்தது.

கிங்ஸ்டன் பெரிய நகரம் அன்று. ஒன்டாரியோ ஏரியிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு புறப்படும் இடத்தில், சுண்ணாம்புக் கல்லால் ஆன பழைய கட்டடங்கள் நிறைந்து விளங்குவது. 1841 முதல் 1844 வரை அப்போதைய கனடா மாகாணத்தின் தலைநகராக இருந்தது. குவீன்ஸ் பல்கலைக்கழகம் அங்கு உள்ளது. 1835-இல் திறக்கப்பெற்று 2013-இல் மூடப்பெற்ற புகழ்பெற்ற சிறைச்சாலை ஒன்றும் அங்கே உண்டு. கனடாவின் முதற் பிரதமரான ஜான் மெக்டொனால்டு வளர்ந்ததும், இறந்தபின் அடக்கம் செய்யப்பெற்றதும் அந்நகரிலேயே. இச்செய்தியைப் பின்னர் நாம் மீண்டும் நினைவுகூர நேரும்.

இந்நகரில் 1984-ஆம் ஆண்டு அளவில் இளைஞர் சிலர் சேர்ந்து இக்குழுவைத் தொடங்கினர். கிதார் வாசித்த ராப் பேக்கரும் பேஸ் கிதார் வாசித்த கோர்ட் சிங்க்ளேரும் சிறு வயது முதற்கொண்டு அண்டை வீட்டு நண்பர்கள். ஜானி ஃபே டிரம் வாசித்தார். பாடகர் கோர்ட் டவுனி 1964-இல் கிங்ஸ்டனை அடுத்த ஆமர்ஸ்ட்வியூ என்னும் சிற்றூரில் பிறந்தவர். பாடல்களின் சொற்கள் பெரும்பாலும் அவருடையவை. 1986-இல் பால் லாங்லுவா இரண்டாவது கிதார்க் கலைஞராகச் சேர்ந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகள் இவ்வைவருள் ஒருவரும் விலகவில்லை. புதிதாக ஒருவரும் உறுப்பினராகவில்லை. ராக் இசையின் வரலாற்றில் இஃது அரிதினும் அரிது.

குழுவின் பெயர், மைக்கேல் நெஸ்மித் என்னும் அமெரிக்கக் கலைஞர் எடுத்த நகைச்சுவைப் படம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்க்கு இப்பெயர் ஒரு சோதனை. 'ஹிப்' என்பது காலத்தின் புதுமைகளையெல்லாம் அறிந்து நாகரிகத்தின் முன்னணியில் நிற்பவரைக் குறிக்கும் கொச்சைச் சொல். 'டிராஜிக்கலி' என்பது சோகம் விளையும் அளவுக்கு என்ற பொருள் தரும். இரண்டையும் சேர்த்து, 'பரிதாபத்துக்குரிய நாகரிகர்' என்று கூறலாம். ஆனால் மூலத்தில் உள்ள குறும்பு இதில் இல்லை. அந்நாட்டு நேயர்கள் சுருக்கமாக 'ஹிப்' என்று மட்டுமே அழைப்பதால், நாமும் அவ்வாறே கூறுவோம்.

தொடக்கத்தில் இவர்கள் மதுக்கடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் வாசித்தனர். 1987-இல் இவர்களுடைய முதற் சிறு இசைத்தட்டு வெளிவந்தது. 1989-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட முதல் முழு இசைத்தட்டும், 1992-இல் லண்டனில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 'ஃபுல்லி கம்ப்ளீட்லி' என்னும் மூன்றாவது இசைத்தட்டும் கனடாவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயின. 2016-க்குள் மொத்தம் 13 முழு இசைத்தட்டுகளை இவர்கள் வெளியிட்டனர்.

இவ்வளர்ச்சிக்குத் திறமை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. கனடிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய நிலப்பகுதியில் வாழ்கின்றனர். மொழி ஒன்று, ஒலி அலைக்கோ எல்லைக் காவல் இல்லை. அண்டை நாட்டுப் பாட்டே தம் நாட்டு வானொலிகளிலும் ஒலித்ததால், கனடியக் கலைஞர்கள் பிழைப்பதற்குத் தெற்கே செல்ல வேண்டியிருந்தது. இதனை உணர்ந்த ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் 1971-இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தனியார் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் நூற்றுக்கு 30 பங்கு கனடியருடையதாக இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. பாட்டை இயற்றியவர், மெட்டமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவு நடந்த இடம் என்னும் நான்கனுள் இரண்டேனும் கனடாவைச் சார்ந்திருந்தால் அது கனடியப் பாட்டாகும். இதனைக் குறைகூறியோர் பலர். கட்டாயத்தால் கலை வளருமா என்று அவர்கள் வினவினர். கட்டாயத்தால் கலை பிறவாது என்பது உண்மையே. ஆனால் பிறந்த கலை செவியை எட்டுவதற்கு வாயில் ஒன்று வேண்டும் அன்றோ? அவ்வாயில் திறந்த தலைமுறையில் தோன்றியவர்களே ஹிப் குழுவினர்.

வாயில் வழியே வந்தவர்கள் தம் நாட்டின் கதைகளையே எடுத்து வந்தனர். ஐஸ் ஹாக்கி அந்நாட்டின் உயிர் விளையாட்டு. 1951 ஏப்ரல் 21-ஆம் நாள் தொராண்டோ அணியின் பில் பாரில்கோ என்னும் 24 வயது இளைஞர் கூடுதல் ஆட்ட நேரத்தில் அடித்த கோலினால் அவ்வணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. நான்கு மாதங்கள் கழித்து, மீன் பிடிக்கச் சென்ற அவருடைய சிறு விமானம் வடக்குக் காடுகளில் மறைந்துவிட்டது. அதன்பின் பதினோர் ஆண்டுகள் தொராண்டோ அணி கோப்பையை வெல்லவில்லை. 1962-இல் மீண்டும் வென்றது. அதே ஆண்டில்தான் விமானத்தின் சிதைவும் அவருடைய உடலும் கண்டுபிடிக்கப்பட்டன. கதைப்போக்கு என்று எவரேனும் எழுதினால் நம்ப மாட்டோம். மறக்கப்பட்டுக்கொண்டிருந்த இந்நிகழ்ச்சியை 1992-இல் ஹிப் குழுவினர் பாட்டாக்கினர். பள்ளிப் புத்தகத்தில் படித்திராத சிறுவர்கள் பாட்டின் வாயிலாகப் பாரில்கோவை அறிந்தனர்.

அதே இசைத்தட்டில் இன்னொரு பாட்டு. சஸ்கட்டூன் நகரில் 1969-இல் நடந்த கொலை ஒன்றுக்காக டேவிட் மில்கார்டு என்னும் சிறுவர் தண்டிக்கப்பட்டார். குற்றத் தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 17. அவருடைய தாயார் ஓயாது போராடினார். ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறையில் கழிந்தபின், 1992-இல் அவர் விடுவிக்கப்பெற்றார். 1997-இல் மரபணுச் சோதனை அவர் குற்றமற்றவர் என்பதை ஐயமற நிலைநாட்டியது. நீதி தவறிய கதையை ஹிப் குழுவினர் ஓங்கிய குரலில் முழங்கவில்லை. கோதுமை வயல்களின் அமைதியையும் சிற்றூர்ப் பள்ளியின் சுவர்களையும் காட்டி, அவ்வமைதியினுள் ஒரு சிறுவனின் வாழ்வு புதைந்துபோனதை உணர்த்தினர். இதுவே டவுனியின் முறை. அவர் அறிவுரை கூறுவதில்லை. ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே நிகழ்ந்ததைச் சொல்லி நிறுத்திவிடுவார்.

நம் இலக்கியத்தில் ஊர்ப் பெயர் சொல்லிப் பாடும் மரபு தொன்மையானது. தலந்தோறும் சென்று பாடியோரை நாம் அறிவோம். தன் ஊரின் பெயரைப் பாட்டில் கேட்கும்போது மனிதனுக்கு உண்டாகும் பெருமிதம் எந்நாட்டிலும் ஒன்றே. பாப்கேஜன் என்னும் சிற்றூர் ஒன்று, ஹிப் குழுவினரின் பாட்டால் மட்டுமே நாடெங்கும் பெயர் பெற்றது. இக்கட்டுரையாளன் அக்குழுவை நேரில் கண்டவன் அல்லன். ஒலிப்பதிவுகளின் வாயிலாக மட்டுமே அறிந்த தொலைதூர நேயன். அப்பாடல்களின் பொருளைத் தேடித் தேசப் படத்தைப் புரட்டிய மாலைகள் பல உண்டு. புரட்டியபோது ஒன்று புலனாயிற்று. அப்படத்தில் உள்ள பெயர்களுள் மிகப் பல ஆங்கிலமும் அல்ல, பிரெஞ்சும் அல்ல. கனடா என்னும் பெயரே 'கனட்டா', அதாவது ஊர், என்னும் பழங்குடிச் சொல்லிலிருந்து பிறந்தது. சஸ்கட்டூன், வின்னிப்பெக் என்பன கிரீ மொழிச் சொற்கள். தொராண்டோ மோஹாக் மொழியிலிருந்து வந்தது. பெயர்கள் எஞ்சியிருக்கின்றன, பெயரிட்ட மக்கள் எங்கே என்ற வினா அப்படத்திலேயே எழுகின்றது. டவுனியும் தம் இறுதிக் காலத்தில் இவ்வினாவிடமே வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவில் இக்குழு பெருவெற்றி பெறவில்லை. 1995-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தபோதும் நிலைமை மாறவில்லை. எல்லையோர நகரங்களைத் தாண்டி, அங்கே இவர்கள் சிறு அரங்குகளின் கலைஞராகவே இருந்தனர். கனடிய நேயர்களுக்கு இது குறையாகத் தோன்றவில்லை. தமக்கு மட்டுமே உரிய செல்வம் என்று அவர்கள் போற்றினர். கச்சேரிகளுக்குத் தேசக் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்தனர். ஆயினும், தேசப் பெருமை பாடும் கவிஞர் என்ற பட்டத்தை டவுனி விரும்பி ஏற்றவரல்லர். அவருடைய பாட்டுகளில் சிறை உடைத்தோரும், தவறாகத் தண்டிக்கப்பட்டோரும், கடலில் மூழ்கியோரும் வருவர்; வெற்றி முழக்கம் அரிது.

2015 டிசம்பரில் டவுனிக்கு வலிப்பு ஏற்பட்டது. சோதித்த மருத்துவர்கள் அவருடைய மூளையில் குணப்படுத்த முடியாத ஒருவகைப் புற்றுநோய் இருப்பதைக் கண்டனர். அறுவைச் சிகிச்சையும், கதிர் வீச்சும், மருந்துகளும் அளிக்கப்பெற்றன. 2016 மே 24-ஆம் நாள் குழுவினர் செய்தியை நாட்டுக்கு அறிவித்தனர். அத்துடன், வரும் கோடையில் பயணம் செல்லப்போவதாகவும் தெரிவித்தனர். கேட்டவர்கள் திகைத்தனர். நோயின் விளைவாக டவுனியின் நினைவாற்றல் குன்றியிருந்தது. தாமே எழுதி, முப்பது ஆண்டுகள் பாடிவந்த சொற்கள் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. ஆகவே மேடையைச் சுற்றிலும் சொற்களைக் காட்டும் திரைகள் வைக்கப்பெற்றன. ஒத்திகையில் அவற்றைப் பார்த்துத் தம் பாட்டுகளை அவர் மீண்டும் புதிதாகக் கற்றார்.

நாட்டின் மேற்கு ஓரத்தில் உள்ள விக்டோரியா நகரில் ஜூலை 22-ஆம் நாள் பயணம் தொடங்கியது. பத்து நகரங்களில் பதினைந்து கச்சேரிகள். நுழைவுச்சீட்டுகள் விற்பனைக்கு வந்த உடனே தீர்ந்துபோயின. கணினி நிரல்களைக் கொண்டு சீட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்ட இடைத்தரகர்கள் அவற்றைப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். இறக்கும் நிலையில் உள்ள ஒரு கலைஞரின் கச்சேரியிலும் கொள்ளை இலாபமா என்று மக்கள் சினந்தனர். அச்சினம் வீண்போகவில்லை. ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றம் 2017-இல் நிறைவேற்றிய சட்டம் அத்தகைய கணினி நிரல்களைத் தடைசெய்தது.

மேடையில் டவுனி உலோகப் பளபளப்புள்ள உடையும், இறகு செருகிய தொப்பியும் அணிந்து தோன்றினார். நோயாளியைக் காண வந்தவர்கள் கண்டது ஒரு கூத்துக் கலைஞரை. கச்சேரி முடிந்ததும் நண்பர் நால்வரையும் ஒவ்வொருவராகத் தழுவி முத்தமிட்டு உள்ளே அனுப்புவார். பின்னர்த் தாம் மட்டும் தனியே மேடையில் நின்று, கூட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நெடுநேரம் உற்று நோக்குவார். பேச்சு இல்லை, பார்வை மட்டுமே. நேயர் கலைஞரைப் பார்ப்பதே வழக்கம். இங்கே கலைஞர் நேயரை ஒருமுறை கண்ணாரக் கண்டு நினைவில் பதித்துக்கொள்ள முயன்றார்.

ஆகஸ்டு 20-ஆம் நாள் கச்சேரி சொந்த ஊரில் அமைந்தது. அரங்கம் இருந்த தெருவுக்கு 2012-ஆம் ஆண்டிலேயே குழுவின் பெயர் சூட்டப்பெற்றிருந்தது. உள்ளே இடம் ஏழாயிரம் பேருக்கும் குறைவு. ஆனால் கனடிய ஒலிபரப்புக் கழகம் அன்றிரவு ஒரு துணிவான முடிவை எடுத்தது. ரியோ நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். அவற்றை ஒளிபரப்பும் உரிமை அக்கழகத்திடமே இருந்தது. அப்பந்தயங்களையும் ஒதுக்கிவிட்டு, வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகிய மூன்றிலும் கச்சேரியை முழுமையாக, விளம்பரம் ஏதுமின்றி அது வழங்கியது.

1936-ஆம் ஆண்டு நம் அகில இந்திய வானொலிக்கு அப்பெயர் சூட்டப்பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் கனடிய ஒலிபரப்புக் கழகமும் தோன்றியது. இருவர்க்கும் வயது ஒன்று. எதிர்ப்பட்ட சிக்கலும் ஏறத்தாழ ஒன்று. பரந்த நிலப்பரப்பு, பல மொழிகள், ஒருவரை ஒருவர் காணாத மக்கள். இவர்களை ஒரே நேரத்தில் ஒரே ஒலியைக் கேட்கச் செய்வது பொது ஒலிபரப்பின் கடமை. ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் தத்தமக்கு வேண்டியதைத் தனித்தனியே கேட்கும் இக்காலத்தில் அக்கடமைக்குப் பொருள் உண்டா என்று ஐயுறுவோர் உளர். அன்றிரவு 1 கோடியே 17 லட்சம் பேர் அந்நிகழ்ச்சியைக் கண்டும் கேட்டும் இருந்தனர் என்று கழகம் கணக்கிட்டது. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம். ஊர்ச் சதுக்கங்களிலும் பூங்காக்களிலும் திரைகள் கட்டப்பெற்றன. கிங்ஸ்டன் சந்தைச் சதுக்கத்திலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் மட்டும் இருபத்தையாயிரம் பேர் அளவில் கூடியிருந்தனர்.

முப்பது பாட்டுகள் பாடப்பெற்றன. குழுவினர் உள்ளே சென்றும், கூட்டத்தின் அழைப்புக்கிணங்கி மும்முறை திரும்பி வந்தனர். ஒரு பாட்டின் இடையே டவுனி தம்மை மறந்து கதறினார். கண்ணீர் வடிய ஒலிவாங்கியைக் கீழே விட்டார். அரங்கில் இருந்தவர்களுள் அந்நாட்டுப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும் ஒருவர். பாட்டுகளுக்கு நடுவே டவுனி அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். வடக்கே வாழும் மக்களின் நிலையைப் பற்றிக் கேளாதிருக்கவே நாமெல்லாம் வாழ்நாள் முழுதும் பழக்கப்பட்டுள்ளோம் என்றும், அதனைச் சீர்செய்யப் பிரதமர் முன்வருவார் என்று தாம் நம்புவதாகவும் கூறினார். தம் நோயைப் பற்றி அவர் பேசவில்லை. தமக்காக எதையும் வேண்டவில்லை. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் தம் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்நேரத்தை, அங்கில்லாதவர்களுக்காக அவர் செலவிட்டார்.

அந்த வடக்கு மக்கள் யாவர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1990-கள் வரை கனடிய அரசு, கிறித்தவ சபைகளின் துணையுடன், பழங்குடிச் சிறுவர்களுக்கென விடுதிப் பள்ளிகளை நடத்தியது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அவற்றில் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை, பெயரும் மாற்றப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். இம்முறை நாடு தழுவியதாக உருப்பெற்றது, கிங்ஸ்டனில் வளர்ந்த பிரதமர் மெக்டொனால்டின் ஆட்சியிலேயாம். அரசு 2008-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. உண்மை அறியும் ஆணையம் ஒன்று ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களைக் கேட்டு, 2015-இல் தன் அறிக்கையை அளித்தது.

கிங்ஸ்டன் கச்சேரிக்குப் பின் எஞ்சிய ஆற்றலையெல்லாம் டவுனி இதற்கே அளித்தார். சானி வென்ஜாக் என்னும் 12 வயதுச் சிறுவன் கெனோரா நகரத்து விடுதிப் பள்ளியிலிருந்து 1966 அக்டோபர் 16-ஆம் நாள் தப்பி ஓடினான். அவனுடைய ஊர் ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவ்வளவு தொலைவு என்பதை அவன் அறியான். மெல்லிய சட்டையுடன் இருப்புப் பாதை ஓரமாக நடந்தான். ஒரு வாரம் கழித்து, குளிரிலும் பசியிலும் மாண்டு கிடந்த அவனுடைய உடல் பாதையோரத்தில் காணப்பட்டது. அச்சிறுவனைப் பற்றி டவுனி இயற்றிய பாட்டுகளும், ஜெஃப் லெமைர் என்னும் ஓவியர் வரைந்த சித்திரக் கதையும் 'சீக்ரெட் பாத்' என்ற பெயருடன் 2016 அக்டோபரில் வெளிவந்தன, படமாகவும் ஒளிபரப்பாயின. அவன் இறந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் பெயரும் டவுனியின் பெயரும் தாங்கிய அறக்கட்டளை ஒன்றும் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் பழங்குடித் தலைவர்களின் பேரவை டவுனிக்குப் போர்வை போர்த்தி, 'விண்மீன்களிடையே நடப்பவர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. ஊர்ப் பெயர்களையெல்லாம் பாடிய கவிஞருக்கு, அவ்வூர்களுக்கு முதலில் பெயரிட்ட மக்கள் ஒரு பெயரைத் தந்தனர்.

2017 அக்டோபர் 17-ஆம் நாள் டவுனி தம் 53-ஆம் வயதில் காலமானார். பிரதமர் செய்தியாளர் முன்னிலையில் கண்ணீர் விட்டார். எஞ்சிய நால்வரும், டவுனி இல்லாமல் அப்பெயருடன் பயணம் செல்வதில்லை என்று முடிவு செய்தனர். 2021-இல் விருது விழா ஒன்றில் ஒரு பாடகியுடன் சேர்ந்து ஒரு பாட்டை வாசித்தனர். வேறொரு பாடகரை அமர்த்திக்கொண்டு பெயரை விற்றுப் பிழைக்கும் வழி அவர்களுக்கு அடைபட்டதன்று. அவ்வழியில் அவர்கள் செல்லவில்லை. முப்பது ஆண்டு நட்புக்கு இது தக்க முடிவே.

இனி, நேயர்களின் பங்கு யாது என்று ஆராய்வோம். விழாவில் அழுவது எளிது. கண்ணீர் காய்ந்தபின் செய்வது என்ன என்பதே கேள்வி. சானி வென்ஜாக்கின் ஊரில் குடிநீரைக் காய்ச்சியே பருக வேண்டும் என்ற எச்சரிக்கை 2005-இல் விதிக்கப்பட்டது. கிங்ஸ்டன் கச்சேரி நடந்தபோதும் அது நீங்கவில்லை. பழங்குடி ஊர்களில் நீண்டகாலமாக நிலவிய இத்தகைய எச்சரிக்கைகளை 2021 மார்ச்சு மாதத்துக்குள் நீக்கிவிடுவதாக அரசு வாக்களித்திருந்தது, அக்காலக்கெடு தவறிப்போயிற்று. பல ஊர்களில் நல்ல நீர் கிடைத்தது. பிற ஊர்கள் காத்திருந்தன. 2021 முதல் செப்டம்பர் 30-ஆம் நாள் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்கும் உரிய நாளாக அந்நாட்டில் கடைப்பிடிக்கப்படுகின்றது. பாட்டினால் சட்டம் இயற்றப்படுவதில்லை. குழாயில் நீர் வருவதும் இல்லை. ஆயினும், ஒரு சிறுவனின் பெயர் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் ஆண்டுதோறும் உச்சரிக்கப்படுவதற்கு அப்பாட்டுகள் காரணமாயின என்பதை எவரும் மறுக்க இயலாது.

தமிழில் 'விடை' என்ற சொல்லுக்குப் பிரியும்போது கூறுவது என்றும், கேட்ட கேள்விக்கு இறுப்பது என்றும் இரு பொருள் உண்டு. கிங்ஸ்டன் நகரில் முதற்பொருளில் கனடிய மக்கள் தம் பாட்டுக் குழுவுக்கு விடை தந்துவிட்டனர். அதனைச் செவ்வனே, அன்புடன் தந்தனர். பாடகர் மேடையில் நின்று எழுப்பிச் சென்ற கேள்விக்குரிய விடை இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை. அது தரப்படும் வரையில் அவர்தம் பாட்டுகளைக் கேட்பது பொழுதுபோக்கு மட்டும் ஆகாது. தொலைவில் இருந்து கேட்கும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் தேசப் படத்திலும் பெயர்கள் பல. அவற்றை முதலில் இட்டவர்கள் யாவர், அவர்கள் இன்று எந்நிலையில் உள்ளனர் என்று கேட்பதற்கு நாம் ஒரு பாடகர் இறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.